முன்னால் போனவன்

தௌனோ உயிரோடு இருந்த காலம் முழுக்க முன்னால் நடந்தவன். சந்தைக்குப் போனாலும் சரி, சவ அடக்கத்துக்குப் போனாலும் சரி, பெண்டாட்டிக்குப் பத்தடி முன்னால் அவன் முதுகு போய்க்கொண்டிருக்கும். மார்கெட்டா இரண்டு கையிலும் பைகளோடு பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் பின்னால் வருவாள். "கோபமெல்லாம் இல்லைங்க, அவருக்குக் கால் நீளம், அவ்வளவுதான்" என்று எதிரே வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே வருவாள். தௌனோவின் அக்கா இர்யா மட்டும் ஓடமாட்டாள். ஃபின்லாந்தின் கொத்கா துறைமுக ஊரில் ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்து ஓட்டியவள் அவள். யார் பின்னாலும் ஓடிப் பழக்கமில்லை. ஊரார்தான் அவளுடைய வண்டியைப் பிடிக்க ஓடிவந்தார்கள்.

எங்கள் கரையோரத்தில் சிலருக்கு ஒன்று உண்டு. அதை வரம் என்பதா வியாதி என்பதா தெரியவில்லை. ஆள் வருவதற்கு முன்னாலேயே அவர் வருகிற சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறுகிற ஓசை, ஒரு இருமல், தாழ்ப்பாள் அசைகிற சத்தம். போய்க் கதவைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். எத்தியாய்னென் என்பார்கள் அதை. முன்வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை. சத்தம் கேட்டதும் காப்பிக்குத் தண்ணீர் வைத்தால், காப்பி இறங்குகிற நேரத்துக்கு ஆள் நிஜமாகவே வந்து நிற்பார். தௌனோவுக்கு அது இருந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிவிட்டு அவன் திரும்புகிற நேரம் ஒருநாள்போல இன்னொருநாள் இருக்காது. மார்கெட்டா அந்த முன்வரவைக் கேட்டுத்தான் உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பாள். ஒருநாளும் கிழங்கு குழைந்ததில்லை.

அவன் செத்தது அக்கரையிலிருக்கிற தாலின் நகரத்தில். ஒரு நவம்பரில் மூன்று பேருமாகக் கப்பலேறி, ஒரு வாரக்கடைசியைக் கழிக்க அங்கே போயிருந்தார்கள். வளைகுடாவின் இந்தக் கரையில் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அந்தக் கரை. பீர் வாங்கப் போகிறவர்கள் பாதி, பழைய ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் பாதி. கோட்டைச் சுவரோரம் கம்பளிக் கையுறை விற்கிற கடைகள் வரிசையாக உண்டு. அங்கே மார்கெட்டா நின்றாள். தௌனோ நிற்கவில்லை. "மேல நிக்கிறேன், வாங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு, வண்டிச் சாலை வழியாக, குன்றின்மேல் இருக்கிற மேட்டூருக்கு ஏறினான். பெண்கள் இருவரும் கையுறை வாங்கிக்கொண்டு படிச்சந்து வழியாக ஏறி, ஊரெல்லாம் தெரிகிற அந்த மேல்முற்றத்தில் இருட்டும்வரை காத்துக்கொண்டு நின்றார்கள். அவன் அங்கே போய்ச் சேரவேயில்லை. பாதி வழியில், அந்த வண்டிச் சாலையின் பழைய வாயிற்கோபுரத்துக் கல்திண்டில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்திருக்கிறான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். குடித்துவிட்டுத் தூங்குகிற ஃபின்லாந்துக்காரனை எழுப்புவது அந்த ஊரில் யாருக்கும் வேலையில்லை.

அடுத்த வருஷம் நவம்பர் பிறந்ததும் மார்கெட்டா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"இர்யா, தாலின் போகலாமா?"

"எதுக்குடி?"

"ஊரைப் பார்க்கத்தான். போன தடவை ஒண்ணும் பார்க்கலையே."

இர்யாவுக்குப் போக விருப்பமில்லை. ஆனாலும் அவளைத் தனியே விட மனம் வரவில்லை. சரி என்றாள்.

கப்பலில் வழக்கமான கூத்துதான். கிழடுகள் டாங்கோ ஆடின. யாரோ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அபசுரமாகப் பாடினார்கள். மேல்தளத்துக்குப் போகிற படியில் மார்கெட்டா இரண்டு தடவை நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதை இர்யா கவனித்தாள்.

"என்னடி மூச்சு வாங்குது?"

"காலையில சாப்பிட்ட புகைமீன் நெஞ்சுலயே நிக்குது."

"மீன் நெஞ்சுல நின்னா ஏப்பம் வரும். மூச்சு வாங்காது."

"நீ பஸ் ஓட்டினவளா, டாக்டருக்குப் படிச்சவளா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தாலினில் ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. தரையில் விழுந்ததும் தண்ணீர். கீழூரில், சந்தைச் சதுக்கத்துக்குப் பின்சந்தில் ஒரு விடுதியில் அறை சொல்லியிருந்தார்கள். போன வருஷம் தங்கிய இடம் இல்லை. இர்யா வேண்டுமென்றே வேறு இடம் பார்த்திருந்தாள். விடுதிக்காரி ஹெல்வே என்பவள், குண்டாக, கன்னம் சிவந்து, எங்கள் தொலைக்காட்சியைப் பார்த்தே எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டவள். கதவைத் திறந்ததுமே கலகலவென்று ஆரம்பித்தாள்.

"வாங்க, வாங்க. நனைஞ்சுட்டீங்களே! உங்க வீட்டுக்காரர் அப்பவே மேல போயிட்டார்."

"யார் வீட்டுக்காரர்?" என்றாள் இர்யா.

"நல்ல உசரமா, தொப்பி வச்சுக்கிட்டு. 'பின்னால ரெண்டு பொம்பளைங்க வராங்க'ன்னார். நான் சாவியை எடுக்கத் திரும்புறதுக்குள்ள படியேறிட்டார். காலுல வெந்நீரைக் கொட்டின மாதிரி என்னா அவசரம்!"

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நாங்க ரெண்டு பேர்தான். வேற யாரோ விருந்தாளி."

"இன்னைக்கு வேற யாருமே வரலையே" என்று சொல்லிக்கொண்டே ஹெல்வே மாடிப்படியைப் பார்த்தாள். சாவி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

இர்யா மார்கெட்டாவைத் திரும்பிப் பார்த்தாள். அழுவாள், இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தாள். மார்கெட்டாவின் முகத்திலோ, ஒரு வருஷமாக வெளுத்துக் கிடந்த அந்த முகத்தில், ரத்தம் ஏறியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு இர்யாவுக்கு முன்னால் படியேறினாள்.

அறையில் யாரும் இல்லை. இரண்டு கட்டில்கள் துவைத்த விரிப்போடு இருந்தன. ஜன்னலோரக் கட்டிலின் விளிம்பில் மட்டும் விரிப்பு கசங்கிப் பள்ளம் விழுந்திருந்தது, யாரோ உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்துபோனதைப்போல.

"படுக்கை விரிச்ச பொண்ணு அசதியில உக்காந்திருப்பா" என்றாள் இர்யா.

"இருக்கும்" என்றாள் மார்கெட்டா. குனிந்து அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மேல்கோட்டை அவள் கழற்றவே இல்லை. "வா, கிளம்பலாம்."

"இப்பத்தானே வந்தோம்! ஒரு வாய் காப்பியாவது குடிச்சுட்டு..."

"அவர் கிளம்பிட்டார் இர்யா."

அதை அவள் சொன்ன தோரணை, கடைக்குப் புறப்பட்டவனைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அதுதான் இர்யாவைப் பயப்பட வைத்தது.

முதலில் பழைய தேவாலயத்துக்குப் போனார்கள். அங்கே சுவர் நீளத்துக்கு ஒரு சித்திரம் உண்டு. சாவு எலும்புக்கூடாக வந்து, பாப்பரசரையும் பேரரசரையும் பேரரசியையும் கையைப் பிடித்து ஆட இழுத்துப்போகிற படம். போன வருஷம் தௌனோ பார்க்க ஆசைப்பட்டது அது; மேட்டூரிலிருந்து இறங்கும்போது பார்க்கலாம் என்று வைத்திருந்தான். நுழைவுச்சீட்டு கொடுக்கிற பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தாள்.

"ரெண்டு பேர்தானே? உள்ள போங்க, உங்க ஆள் படத்துக்கிட்ட நிக்கிறார்."

மார்கெட்டா ஓடினாள். தேவாலயத்துக்குள் ஓடக்கூடாது என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. காலணிச் சத்தம் கல்தரையில் எதிரொலித்தது. இர்யா அங்கேயே நின்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"ஆள் எப்படி இருந்தார்?"

"சரியாப் பார்க்கலைங்க. நடந்துக்கிட்டே பேசினார். முகத்தைத் திருப்பவே இல்ல."

"சீட்டு வாங்கினாரா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மூடினாள். மேசையைப் பார்த்தாள். "இல்ல" என்றாள் மெதுவாக. "சீட்டு இல்லாம நான் யாரையும் விடமாட்டேனே. இவரை ஏன் விட்டேன்?"

படத்தின் முன்னால் மார்கெட்டா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மேலே சாவு பேரரசியின் விரல்களைப் பற்றிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. மார்கெட்டா படத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவு, யாரோ இப்போதுதான் தள்ளிக்கொண்டு வெளியே போனதுபோல, மெல்ல ஆடி ஆடி அடங்கியது.

இர்யா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"மார்கெட்டா, இங்க பாரு. முன்வரவுன்னா என்னன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது செத்தவனுக்குக் கிடையாதுடி. வரப்போறவனுக்குத்தான் முன்வரவு."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் மார்கெட்டா.



சாப்பிடலாம் என்று வற்புறுத்தி இர்யா அவளை ஒரு நிலவறைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப்போனாள். பன்றியிறைச்சி, புளித்த கோஸ், பார்லிக் கஞ்சி. இர்யா எவ்வளவு பயந்தாலும் சாப்பாட்டை விடுகிறவள் இல்லை. மார்கெட்டா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கண் படிக்கட்டிலேயே இருந்தது.

"சாயங்காலக் கப்பல்லயே திரும்பிடலாம்" என்றாள் இர்யா. "அறைப்பணம் போனாப் போகுது."

"நீ வேணா போ."

"உன்னை விட்டுட்டா?"

"போன தடவை நான் அவரை விட்டுட்டுக் கையுறை பார்த்துக்கிட்டு நின்னேன். சிவப்பு வேணுமா நீலம் வேணுமான்னு யோசிச்சேன். அப்ப அவர் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தார்."

"அவன் உனக்காக நின்னிருந்தா அவனும் கையுறைக் கடையிலதான் விழுந்திருப்பான். தாங்கிப் பிடிக்க ஆள் இருந்திருக்கும். நிக்காதது யார் குத்தம்?"

"நீ உன் தம்பியை எப்பவும் இப்படித்தான் பேசுவே."

"என் தம்பி. நான் பேசுவேன். அவனைத் தூக்கி வளர்த்தவ நான்."

மார்கெட்டா சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் மூச்சுத் தடுக்கியது. உதட்டின் நிறம் சரியில்லை என்று இர்யா அப்போதுதான் பார்த்தாள். நிலவறை வெளிச்சம் அப்படி இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டாள்.

வெளியே வந்தபோதே வானம் மங்கிவிட்டது. எங்கள் நவம்பர் அப்படி. மதியம் என்று ஒன்று இருந்ததா என்று சந்தேகம் வரும். மார்கெட்டாவின் கால்கள் கோட்டைச் சுவரை நோக்கித்தான் போயின. இர்யா தடுக்கவில்லை. தடுத்தால் கையை உதறிக்கொண்டு ஓடிவிடுவாளோ என்று பயந்தாள்.

சுவரோரக் கடைகளில் பாதி மூடியிருந்தன. மூன்று நான்கு பெண்கள் கம்பளிக் குவியல்களுக்குப் பின்னால் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு தேநீர் குடித்தார்கள். அதில் ஒருத்தி, முன்பல் ஒன்று தங்கத்தில் கட்டியவள், மார்கெட்டாவைக் கண்டதும் கையாட்டிக் கூப்பிட்டாள்.

"நீங்கதானே! உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டுப் போனார். 'என் பொண்டாட்டி இங்க நிப்பா, ரொம்ப நேரம் நிறுத்தி வைக்காதே'ன்னு." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எல்லா ஆம்பளைங்களும் இப்படித்தான், அக்கா. காசு போயிடுமோன்னு பயம்!"

"எந்தப் பக்கம் போனார்?" என்றாள் மார்கெட்டா.

தங்கப்பல்காரி கையை நீட்டினாள். வண்டிச் சாலைப் பக்கம் இல்லை. படிச்சந்துப் பக்கம்.

"மேல நிக்கிறேன்னு சொல்லச் சொன்னார்."

 மார்கெட்டா கையுறைகளைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. அறுபது தாண்டிய பெண், ஈரக் கற்களின்மேல், கோட்டின் முனைகள் பறக்க ஓடுகிறாள். இர்யாவுக்கு இடது முழங்கால் வாதம். வாழ்நாளில் முதல்முறையாக அவளும் ஒருத்தி பின்னால் ஓடினாள்.

படிச்சந்து குறுகலானது. இருபுறமும் உயர்ந்த சுவர். நடுவே கல்படிகள், தேய்ந்து குழிந்தவை. பனி அவற்றின்மேல் கண்ணாடிபோல் இறுகத் தொடங்கியிருந்தது. மேலே ஒரு விளக்கு எரிந்தது. அதற்கு அப்பால், படிகளின் உச்சியில், இன்னொரு கோபுர வாயில் கறுத்துக் கிடந்தது. இர்யா கீழ்ப்படியில் கால் வைத்தபோது மார்கெட்டா பாதி ஏறியிருந்தாள், கைப்பிடிச் சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து.

"மார்கெட்டா! நில்லுடி! விழுந்து தொலைக்கப்போறே!"

அப்போதுதான் இர்யாவுக்கே அது கேட்டது. மார்கெட்டாவின் காலடிக்கு மேலே, இன்னும் உயரத்தில், வேறொரு காலடி. கனத்த பூட்ஸ். வலது கால் ஓங்கி விழும். இடது குதிகால் கல்லை லேசாக உரசிக்கொண்டு வரும். துறைமுகத்தில் இரும்புச் சங்கிலி விழுந்து எலும்பு முறிந்த கால் அது. அந்த உரசலை உலகத்தில் வேறு எவனும் நடந்துகாட்ட முடியாது. படிகள் வளைகிற இடத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அவன் போய்க்கொண்டிருந்தான். என்றைக்கும்போல முன்னால்.

இர்யாவின் பிடரி மயிர் எழுந்து நின்றது. இருந்தாலும் ஏறினாள். மார்கெட்டாவை எட்டிப் பிடித்தபோது அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். வாய் திறந்து மூடியது. காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலம். நிலவறை வெளிச்சம் இல்லை, நிஜ நீலம். அப்படியும் அவள் அடுத்த படிக்குக் காலைத் தூக்கினாள்.

"விடு... மேல நிக்கிறார்..."

இர்யாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒரு ஆயுள் முழுக்க இந்தப் பெண் பைகளைச் சுமந்துகொண்டு ஓடியதைப் பார்த்த கோபமாக இருக்கும். தலையை நிமிர்த்தி, படிகளின் மேலே இருந்த இருட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் தௌனோ! நில்லுடா! செத்தும் உனக்குப் புத்தி வரலையா? அவளுக்கு மூச்சு நிக்குதுடா! நில்லு!"

சின்ன வயசில் உறைந்த கடலின்மேல் ஓடியவனை நிறுத்திய குரல் அது. சுவர்களுக்கு நடுவே மோதி மோதி மேலே போயிற்று.

பூட்ஸ் சத்தம் நின்றது.

சந்தில் ஈரப்பனி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நின்னுட்டார்" என்றாள் மார்கெட்டா, காற்றாக.

பிறகு காலடி இறங்கி வரத் தொடங்கியது. வலது கால் ஓங்கி, இடது குதி உரசி. ஒரு படி, இன்னொரு படி. திரும்பி வருகிறான். மார்கெட்டா சங்கிலியை விட்டுவிட்டுக் கையை மேல்நோக்கி நீட்டினாள். அவள் முகத்தில் இருந்ததை இர்யா முன்பு ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள், கல்யாணத்தன்று. சத்தம் வளைவைத் தாண்டியது. படிகளில் யாரும் இல்லை. ஆனால் எந்திர எண்ணெயும் மலிவுப் புகையிலையும் கலந்த வாசனை, பூட்டிய அறையைத் திறந்தால் வருவதுபோல, முகத்தில் வந்து மோதியது. நாலு படி மேலே. மூன்று படி மேலே.

இர்யா இடையில் போய் நின்றாள். மார்கெட்டாவின் நீட்டிய கையைப் பிடித்துத் தன் கோட்டுக்குள் இழுத்துவைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்டா" என்றாள். இப்போது கத்தவில்லை. "நீ போ. இவளை நான் கூட்டிட்டுப் போறேன். அக்கா சொல்றேன்ல, போ."

 முகத்துக்கு நேரே ஏதோ நின்று தயங்குவதுபோல ஒரு குளிர். அப்புறம் பூட்ஸ் திரும்பியது. ஏறியது. அவசரமில்லாமல், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, தௌனோ வாழ்நாளில் நடந்திராத நடையாக. கோபுர வாயில்வரை கேட்டது. அதற்குமேல் கேட்கவில்லை.

மார்கெட்டா இர்யாவின் மேலேயே சரிந்தாள். மேலிருந்து இறங்கி வந்த ஒரு புருஷன் பெண்டாட்டிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். இருட்டில் ஒரு அம்மாள் யாரையோ திட்டுவது கேட்டு வந்தோம் என்றார்கள். வழியில் எவனையும் பார்க்கவில்லை என்றார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரின் மணிகள் எல்லாம் அடித்து ஓய்ந்திருந்தன. ஆஸ்பத்திரியில் மார்கெட்டா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இதயத்தில் ஒரு வால்வு பழுது, நெடுநாளாகவே பழுது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று டாக்டர் இர்யாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இர்யா ஏலக்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து கட்டிலோரம் வைத்தாள். மார்கெட்டா அதைத் தொடவில்லை.

"நல்லாத் தூங்கினியா?"

"அவர் நின்னார், இர்யா."

"தெரியும்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து முதல் தடவையா நின்னார். நின்னது மட்டுமில்ல, திரும்பி வந்தார். எனக்காகத் திரும்பி வந்தார். நீ போகச் சொல்லிட்டே."

"நான் விட்டிருந்தா நீயும் போயிருப்பே."

"போயிருப்பேன்."

"மார்கெட்டா..."

"அதை முடிவு பண்ண நீ யாரு?" மார்கெட்டா குரலை உயர்த்தவில்லை. "அவரைத் தூக்கி வளர்த்தே, சரி. என்னையுமா வளர்த்தே?"

இர்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல நிறைய இருந்தது. உன்னைக் காப்பாத்தினேன் என்று சொல்லலாம். உன்னைச் சாகவிட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு கப்பலேறுவேன் என்று கேட்கலாம். எல்லாமே நியாயமான பேச்சுதான். இருந்தும் அந்த மூன்று படி தூரத்தில், அந்தக் குளிரில், தன் தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் திரும்பிப் போனதுதான் அவளை உறுத்தியது. அவனும் எதற்காக இறங்கி வந்தானோ. கூட்டிப்போகவா, இல்லை, பெண்டாட்டி மூச்சுத் திணறுகிறாள் என்று கேட்டுத் தாங்கிப் பிடிக்கவா? அதைக் கேட்டிருக்கலாம். கேட்காமலே துரத்திவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மார்கெட்டாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கப்பலேற்றினார்கள். அவள் ஜன்னலோரம் இருந்தாள். இர்யா எதிர் வரிசையில். 

ஹெல்சிங்கியில் அறுவை நடந்தது. வால்வை மாற்றினார்கள். நன்றாகத்தான் தேறினாள். ஆனால் இர்யாவின் வீட்டுப்பக்கம் வருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு இர்யா கேரட் பணியாரம் செய்து எடுத்துக்கொண்டு போனபோது வாசலிலேயே வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினாள். அடுத்த நவம்பரில் தனியாகத் தாலினுக்குப் போய்வந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் இர்யாவுக்குத் தெரியும். அதற்கடுத்த நவம்பரிலும் போனாள்.

அந்த இரண்டாவது தடவைக்குப் பிறகு ஒருநாள், கொத்கா சந்தைக் கூடத்தில், மீன்கடை முன்னால் இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். ஒதுங்க இடமில்லை. மார்கெட்டாவின் கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"எப்படி இருக்கே?" என்றாள் இர்யா.

"இருக்கேன். படியெல்லாம் ஏறுறேன்."

மீன்காரன் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். இர்யாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அங்க... ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல." மார்கெட்டா தலையை ஆட்டினாள். "ரெண்டு தடவையும் மேல போய் நின்னேன். படிச்சந்துலயும் போனேன், வண்டிச் சாலையிலயும் போனேன். ஒரு சத்தம் இல்ல. விடுதிக்காரி என்னை மட்டும்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கா. கையுறைக்காரி என்னை அடையாளமே கண்டுக்கல." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஊர் அழகா இருக்கு இர்யா. சிவப்புக் கூரை, அதுக்கப்பால கடல். நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்ல. எத்தனை தடவை போயிருக்கோம்! நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகுதான்."

இர்யாவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க மீனைப் பார்த்தாள்.

"அடுத்த தடவை நானும் வரட்டுமா? கூட நடக்க ஒரு ஆள் இருக்குமே."

மார்கெட்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "நீ வந்தா அவர் பயந்துக்குவார்."

அவள் வாயோரம் அசைந்தது. கேலிதான் என்று இர்யா சிரிக்கப் போனாள். மார்கெட்டாவின் கண்ணில் கேலி இல்லாததைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டாள்.